ஏறி இறங்கும் பச்சைக் கோடு

வக்கீல் அலுவலகத்தில் தொலைபேசி அலறியது.

எடுத்தார் வக்கீல். கேட்டார். முகம் வெளுத்தது.

"நம்ம சாட்சியைக் குத்திட்டாங்க...!"

கொலை வழக்கின் ஒரே சாட்சி. ஒளித்து வைத்திருந்தார்கள். விலாசம் வக்கீலுக்குத் தெரியும். அதை அடித்த டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தெரியும். மூன்றாவதாக... அந்த அம்மாவின் மேஜையிலிருந்த கம்ப்யூட்டருக்கு!

ஆள் பிழைத்துவிட்டான். தோளில் பதினோரு தையல்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பெண்மணி. பின்னாலேயே கம்ப்யூட்டர் மெக்கானிக். மூன்று வாரம் முன்பு, மெஷின் ஆமையாய் நகர்கிறது என்று டைப்பிஸ்ட் அம்மா புலம்ப, எந்த புரோகிராம் எவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று காட்டும் கண்காணிப்பு சாப்ட்வேரைப் போட்டவன் அவன்தான்.

"இதுல எல்லாமே பதிவாகும் மேடம்!" திரையைப் பெருமையாகத் தட்டினான். பச்சைக் கோடு ஏறி இறங்கியது. "செவ்வாய், மதியம் ஒண்ணு பத்து. விலாச ஃபைல் திறந்திருக்கு. அப்ப சீட்ல யாரு?"

"நான்தான்," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "ஒரு எழுத்துப்பிழை. ஐயாதான் திருத்தச் சொன்னார்..."

"திருத்தினீங்களா... இல்ல, யாருக்காவது திருப்பி விட்டீங்களா?"

"தம்பி! வார்த்தையை அளந்து பேசு! ஐயா, பத்தொன்பது வருஷமா உங்ககிட்ட இருக்கேன். நீங்களாவது சொல்லுங்க!"

வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

பக்கத்து அறையில் போலீசார் டைப்பிஸ்ட் அம்மாவின் பையைக் கவிழ்த்தார்கள். கண்ணாடிக் கூடு, மாத்திரைகள், காலி டிபன் பாக்ஸ்...

மெக்கானிக் ஆதாரம் தேடினான். ஒன்று பதினொன்றுக்கு ஏதோ வெளியே போயிருக்கிறது. அனுப்பிய புரோகிராம் எது?

க்ளிக்.

அவனுக்கு வியர்த்தது.

அவன் போட்ட அதே கண்காணிப்பு சாப்ட்வேர்!

கடைக்கு வந்த டை கட்டிய ஆசாமி சும்மா கொடுத்த பென்டிரைவில் இருந்தது அது. 'வக்கீல் ஆபீஸ் மெஷின் எல்லாம் நம்ம கைதான்' என்று அந்த ஆசாமியிடம் இவன் அளந்தது வேறு...

மவுஸின் அம்பு 'நீக்கு' பட்டன் மேல் நின்றது.

ஒரு தட்டு. யாருக்கும் தெரியாது!

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், டைப்பிஸ்ட் அம்மா மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்தான்.

"மேடம்... அந்தம்மா இல்ல. நான்தான். நான் போட்ட சாப்ட்வேர்தான் விலாசத்தை வெளியே அனுப்பியிருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் காது மடல் தீயாய் எரிந்தது. பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"அந்த சாப்ட்வேரை அழிச்சிட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல மேடம்..."

"அப்பாடா! அப்படியே இருக்கட்டும்!"

டைப்பிஸ்ட் அம்மாவை அழைத்து உட்காரவைத்தார். "அடிங்கம்மா. 'சாட்சி நாளைக்குக் காலையில புது விலாசத்துக்கு மாத்தப்படுவார்.' விலாசம் நான் சொல்றேன்."

அடித்தார். பச்சைக் கோடு துள்ளியது.

மறுநாள் காலை பத்து மணி. ஒரு காலி வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தான் டை ஆசாமி. கத்தியோடு இன்னும் இருவர்.

உள்ளே ஆறு கான்ஸ்டபிள்கள்!

மதியம் அலுவலகத்தில் மெக்கானிக் தலை குனிந்து நின்றான். பக்கத்தில் வக்கீல், அவரும் குனிந்தபடி.

"அம்மா... நான்... உங்களைப் போய்..."

என்று இழுத்தான் மெக்கானிக்.

டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளங்கையை உயர்த்தினார்.

"என்ன தம்பி, ஹேங் ஆயிட்டியா? மண்டையில ஒரு தட்டு தட்டினா ஓடுமா? ஐயா, கொஞ்சம் கிட்ட வாங்க... உங்களுக்கும் சேர்த்துதான் கேக்கறேன்!"