கொடுக்காத கூந்தல்

லெசியேலி ஹாப்பாய் தீவில் வந்து இறங்குவதற்குள் அப்பாவைப் புதைத்துவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டியபடி அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, துக்க வழக்கப்படி இடுப்பில் கிழிந்த பாய்களைச் சுற்றியிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். எல்லார் கண்ணும் போய் நின்றது இடுப்புவரை தொங்கிய அவள் கூந்தலில்.

அப்பா செத்தால் மகளின் கூந்தலை அப்பாவின் அக்காதான் வெட்ட வேண்டும். டோங்காவில் அதற்கு மறுபேச்சே கிடையாது. பிசிலா அத்தை கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாம்மா. இப்படி வந்து உட்காரு."

"மாட்டேன் அத்தை."

அம்மா பதறிப்போனாள். "அடியே, யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா? உங்கப்பாவே அவங்க பேச்சைத் தட்டினதில்ல."

"பாதிரியார் மகனைக் கட்டிக்க மாட்டேன், ஆக்லாந்து போய் ரக்பி ஆடப்போறேன்னு சொன்னதுக்கு, உயிரோட இருக்கும்போதே என்னைத் தலைமுழுகிட்டார். போன்ல ஒரு வார்த்தை பேசல. அவருக்கு எதுக்கு இப்ப என் முடி?"

"ஆம்பள ஆட்டம் ஆடினா வாயும் அப்படித்தான் நீளும்," என்று மூலையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அத்தை கோபப்படவில்லை. கத்தரியைப் பாயோரத்தில் வைத்தாள்.

"கேக்கிறது நான் இல்ல, பொண்ணே," என்றாள் தணிந்த குரலில். "அவன் போகணும்ல."

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் தேவாலயத்துக்குக் கிளம்பினார்கள். லெசியேலி அதற்கும் வரவில்லை என்றுவிட்டாள். வெயிலில் தகரக் கூரை விட்டு விட்டு முனகியது. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. பயண அலுப்பில், அப்பாவைக் கிடத்தியிருந்த பாயிலேயே படுத்தாள். தூரத்தில் கூட்டுப்பாடல் எழுந்தது. கண் செருகியது.

விழித்தபோதும் பாட்டு ஓய்ந்திருக்கவில்லை. ஆனால் அறையில் சந்தன எண்ணெய் வாடை அடித்தது. பிணத்துக்குத் தடவும் எண்ணெய். அதனடியில் ஈர மண்ணின் வாடை.

எழப் பார்த்தாள்.

தலை எழவில்லை.

கூந்தல் எதிலோ சிக்கியிருக்கும் என்று கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். முடி விறைத்து, பாயோடு பாயாக நசுங்கிக் கிடந்தது. அதன்மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் கொஞ்சம் விரலை நீட்டினால் தொட்டுவிடலாம்.

அவள் நீட்டவில்லை.

"அப்பா?"

பாய் நெரிந்தது. பாரம் நகர்ந்து, காதருகே வந்து நின்றது. நெற்றியில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது.

மணல். கல்லறைமேல் பரப்பும் வெள்ளை மணல்.

"விடுங்கப்பா... வலிக்குது."

மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூந்தல் இன்னும் இறுகியது. கண்ணைத் திறந்தால் எதைப் பார்க்க நேருமோ என்று இறுக மூடிக்கொண்டு, பாயோரத்தைத் துழாவினாள். அத்தை வைத்துவிட்டுப்போன கத்தரி அகப்பட்டது. கழுத்தை ஒட்டி வெறிபிடித்தவள்போல வெட்டினாள். சட்டென்று தலை விடுபட, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

தேவாலய வாசலில் அத்தை அவள் தலையைப் பார்த்ததுமே வெளிறிப்போனாள்.

"யார் வெட்டினது?"

"நான்தான்."

அத்தை வீட்டைப் பார்த்து விரைந்தாள். பெண்களும் பின்னால் ஓடினார்கள். பாயில் கூந்தல் அப்படியே கிடந்தது. அத்தை குனிந்து அதை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

பாய் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மண்டியிட்டாள். "தம்பி, உன் மக கொடுத்துட்டாடா," என்றாள். "எழுந்திரு சாமி. போதும்."

குழி மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

கூந்தலைக் கல்லறை மணலில் புதைத்தார்கள். அன்று மாலை, கோணல்மாணலாக நின்ற முடியைச் சீராக்கியபடி அத்தை அவள் காதில் சொன்னாள்: "என் கையால வெட்டியிருந்தா அவன் போற வழி எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீயே வெட்டிட்ட. இனி எங்க போவான்னு எனக்குத் தெரியாது."

முதல்முறையாக லெசியேலிக்கு அழுகை வந்தது.

திரும்பும் படகில் நிற்கக்கூட இடமில்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி தள்ளாடிக்கொண்டிருந்தாள். லெசியேலியின் பக்கத்தில் மட்டும் பெஞ்சு காலியாக இருந்தது.

"அக்கா, இங்க உட்காருங்க."

அந்தப் பெண் அந்த இடத்தைப் பார்த்தாள். மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினாள்.

"இருக்கட்டும்மா. பெரியவர் இப்பத்தான் கண் அசந்திருக்கார். அவரை எதுக்கு எழுப்பிக்கிட்டு?"