மூடாத காது

கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. விசில் மட்டும் அடிக்கவில்லை. அதன் மூக்கிலிருந்து நீராவி வெள்ளைக் கயிறாக எழுந்து, மேலே இருந்த அலமாரிக் கதவை நனைத்துக்கொண்டிருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த டுவெய்ன், பாவம், இதற்கும் நம்மைப் போல வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அப்போதுதான் அவன் மனைவி மார்லீன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏன்டா, பக்கத்துலயே உக்காந்திருக்க! தெருக்கோடி வரைக்கும் கத்துது. காதைக் கழட்டி எங்கயாவது வச்சிட்டியா?"

"ஏதோ யோசனையில இருந்தேன்."

"நீ? யோசனை? காலங்காத்தால என்னை சிரிக்க வைக்காத."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கேட்டது. சிரிப்புக்கு அடியில் வேறொன்றும் கேட்டது. பேசப் போகிற ஒருவர் அதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பது போன்ற சத்தம். இழுத்த மூச்சு வார்த்தையாக மாறவில்லை.

"நேத்து அந்தக் கச்சேரில காதுக்கு அடைப்பான் போட்டுக்கிட்டல்ல?" என்றாள் மார்லீன்.

"போட்டேனே."

பொய்.

மார்லீனின் அப்பா மில்வாக்கி நகரில் தகரம் அடிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துச் செவிடாகிச் செத்தவர். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கக்கூட அவள் கத்தித்தான் வளர்ந்தாள். "ஐ லவ் யூ"வைக் கத்திச் சொன்னால் அது சண்டை போலத்தான் இருக்கும் என்பாள். கல்யாணத்தின்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்னொரு செவிடன்கிட்ட என்னைக் கத்த வைக்காத." டுவெய்ன் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அடைப்பான்கள் அவனோடு வரும். சட்டைப் பையில் மிகப் பத்திரமாக இருக்கும்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவன் ஹெவி மெட்டல் சங்கீதப் பைத்தியம். முதுகில் மண்டையோடும் ஆட்டுத்தலையும் வாளும் ஒட்டுப்போட்ட கையில்லாத ஜீன்ஸ் மேலாடை வைத்திருந்தான். மார்லீன்தான் தைத்துக் கொடுத்தாள். இதைவிடக் கனமான சங்கீதம் உலகத்தில் இல்லை என்று சாராயக்கடையில் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறான். பெயின்ட் பட்டறையில் கூட வேலை பார்க்கும் ஆரின் ஒரு நாள் ஒரு கேசட்டைக் கொடுத்தான். நாய்ஸ் ராக் என்ற இரைச்சல் சங்கீதம். டுவெய்ன் போட்டுக் கேட்டுவிட்டு, "என்னப்பா இது, வாஷிங் மெஷின் மாடிப்படியில உருண்டு விழுற சத்தம்" என்று திருப்பிக் கொடுத்தான். அந்த வாரமே மறுபடி வாங்கிக்கொண்டான். காரில் தனியாகக் கேட்டான். சிக்னலில் நின்றால், பழைய மெட்டல் கூட்டாளி எவனாவது பக்கத்து வண்டியில் இருந்துவிடப் போகிறான் என்று சத்தத்தைக் குறைத்தான். கனம் என்றால் அரக்கன் வர வேண்டும் என்று நம்பியிருந்தவன் அவன். இந்தச் சங்கீதத்தில் அரக்கன் இல்லை. யாரோ ஒரு குமாஸ்தா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடிக்கும் சத்தம்தான் இருந்தது. அரக்கனைவிட அது பயமாக இருந்தது. வெட்கத்தோடு அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.

கெண்டி கொதித்ததற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆரின் அவனை நகரின் தெற்குப் பக்கத்து வீடு ஒன்றின் நிலவறையில் நடந்த கச்சேரிக்குக் கூட்டிப் போனான். நனைந்த கம்பளி நாற்றம், மேலே அடுப்பில் கிடந்த சில்லிக் கறிக்குழம்பின் சீரக வாசம், சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் தூசி. வந்திருந்தவர்கள் எல்லோரும் வரிக் கணக்கு எழுத வந்தவர்கள் மாதிரி ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மண்டையோடும் ஆடுமாக டுவெய்ன் ஒருவன் மட்டும்.

"அண்ணே, பூதம் ஓட்டுற கோஷ்டின்னா பக்கத்துத் தெருவுக்குப் போகணும்," என்றான் எவனோ. சிரித்தார்கள். டுவெய்னும் சிரித்துவைத்தான்.

'ஈரப்பல்' என்று பெயர் வைத்துக்கொண்ட மூன்று கண்ணாடிக்காரர்கள் வாசித்தார்கள். முதல் உருப்படி முடிந்ததும் டுவெய்ன் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, மெட்டல் ரசிகர்கள் காட்டும் கொம்பைக் காட்டினான். அந்த அறையிலேயே உயர்ந்திருந்த கை அது ஒன்றுதான். அதைக் கீழே கொண்டுவர வழி தெரியாமல் காதைச் சொறிவதுபோல் முடித்துக்கொண்டான்.

கடைசி உருப்படிக்கு முன்னால், வீட்டுக்காரி இங்க்ரிட் ஒரு கிண்ணம் நிறைய ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான்களோடு வந்தாள். எல்லோரும் எடுத்து அடைத்துக்கொண்டார்கள். வாசிப்பவர்களும்கூட.

"எடுத்துக்கோங்க. இதைக் காதால கேக்கறதில்ல. தரை வழியா, வயித்தால கேப்போம். இந்த வீட்டு வழக்கம்."

கொம்பு காட்டிய அவமானம் இன்னும் கன்னத்தில் சுட்டது. "நானெல்லாம் மலை மாதிரி ஸ்பீக்கர் முன்னாடி வளந்தவன்மா," என்றான் உரக்க. யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. இங்க்ரிட் மட்டும் அவன் வாயசைவைப் பார்த்துவிட்டு, அவன் காதைப் பார்த்தாள். ஆம்புலன்ஸைப் பார்க்கும் பார்வை.

கிதாரை ஆம்ப்ளிஃபயரின் வாயோடு வாயாக வைத்தார்கள். ஒரே சுரம் கிளம்பியது. அது வளைந்து, தன் வாலைத் தானே கடித்து, சுவரையும் பல்லையும் கண்மணியையும் அதிர வைத்து, இதற்கு மேல் ஏற இடமில்லை என்று தோன்றிய இடத்திலும் ஏறியது. அதன் நட்டநடுவில், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததுபோல், சுத்தமான மௌனம் ஒன்று அவனுக்குத் திறந்தது. அந்த மௌனத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

வாழ்க்கையில் அவன் கேட்டதிலேயே அழகான விஷயம் அது. அழுதுவிட்டான். ஆடு போட்ட சட்டையோடு.

கெண்டியோடு நிற்கவில்லை. அந்த வாரத்தில் சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. காரின் இண்டிகேட்டர். பனியை வாரும் மண்வெட்டி. பூட்ஸுக்கடியில் நொறுங்கும் பனிக்கட்டி. போன சத்தத்தின் இடத்திலெல்லாம் மெல்லிய ரீங்காரம் வந்து குடியேறியது. அந்த ரீங்காரத்துக்குள் மூச்சு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆழமாக இழுத்தது. வெளியே விடவே இல்லை.

செவிடன் வேஷம் போடுவது சுலபம். செவிடன் இல்லை என்று வேஷம் போடுவதுதான் பாடு என்று டுவெய்ன் கற்றுக்கொண்டான். உதட்டைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் சிரித்தால் சிரித்தான். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் மார்லீன் ஏதோ சொல்ல, அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் முகம் சுருங்கியது. அப்பாவின் நினைவுநாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தட்டிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டறையில் சாப்பாட்டு வேளையில் ஆரினைப் பிடித்தான். ஆரின் அவன் முகத்துக்கு நேராக நின்று, உதடு தெரியப் பேசினான்.

"காதை அடைக்கலியா? யோவ், என்னய்யா ஆளு நீ! இங்க்ரிட் சொல்லல?"

"சொன்னா. நான்தான் கெத்து காட்டினேன்."

"உள்ள மூச்சு இழுக்குதா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல."

ஆரின் சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டு, நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளினான்.

"இங்க்ரிட்டோட புருஷனும் அப்படித்தான் இல்லன்னான். கேளு. உன் காதுகிட்ட யாரும் காதைக் கொண்டு வராம பாத்துக்க. முக்கியமா வீட்ல. சொல்லிடு அவங்ககிட்ட. எல்லாத்தையும் சொல்லிடு."

"சொல்லிடறேன்."

அன்று டுவெய்ன் வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பனி ஜன்னலை நீலமாக்கியிருந்தது. மார்லீன் சோபாவில் கால்களை மடக்கிப் போர்வைக்குள் இருந்தாள். அழுதிருக்கிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். உதடுகள் மெல்ல அசைந்தன. அவள் கத்தவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. கத்த மாட்டேன் என்று வீம்பாக இருந்தாள்.

"உண்மையச் சொல்லுடா. திட்ட மாட்டேன். அன்னிக்குப் போட்டியா, இல்லையா?"

வாயைத் திறந்தான். உண்மை நாக்கு நுனியில் வந்து நின்றது. அவளுடைய அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, அந்த மேசை, உப்பு.

"போட்டேன் மார்லீன். சளிதான். சரியாயிடும்."

அவள் முகம் தளர்ந்தது. நம்பினாள். அதைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. வழக்கம்போல் நகர்ந்து வந்து, தலையை அவன் தோளில் சாய்த்தாள். கன்னம் கழுத்தில் பட்டது. மேலே ஏறியது.

தள்ளிவிட வேண்டும். தள்ளினால் காரணம் கேட்பாள். ஒரு வார்த்தை போதும். 'போடல.' அவ்வளவுதான்.

வரவில்லை.

அவள் காது அவன் காதின் மேல் படிந்தது. சூடாக. மெத்தென்று.

ரீங்காரம் நின்றது.

சமையலறைக் கடிகாரம் கேட்டது. கூரையிலிருந்து பனி சரிவது கேட்டது. பக்கத்து வீட்டு நாய். போர்வையின் சரசரப்பு. அவள் இதயம். எல்லாம் திரும்ப வந்துவிட்டன. அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைத்தான் பிறகு அவனால் மன்னிக்க முடியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தான்.

"மார்லீன்? எனக்குக் கேக்குதுடி."

அவள் காது அவன் காதிலேயே ஒட்டியிருந்தது.

"மார்லீன், நான் அன்னிக்குப் போடல. பொய் சொன்னேன். மன்னிச்சிடு."

எவ்வளவு சுலபமாக வந்தது. இப்போது.

அவள் தலையைத் தூக்கினாள். கண்கள் அவனைத்தான் பார்த்தன. எதையோ கெஞ்சின. வாய் திறந்தது.

மூச்சை உள்ளே இழுத்தாள்.

நிறுத்தவில்லை. மார்பு எழும்பியது. தோள்கள் எழும்பின. சட்டையின் மேல் பொத்தான் தெறித்து மரத்தரையில் உருண்டது. அது உருளும் சத்தம் அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. மேசையிலிருந்த செய்தித்தாள் அவள் பக்கமாக நகர்ந்தது. ஜன்னல் திரை சுவரைவிட்டு எழுந்து, அவள் வாயை நோக்கி நீண்டு நின்றது.

"விடு," என்றான். "மூச்சை விடு, மார்லீன். கத்து. என்னைப் பாத்துக் கத்து."

அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.