பெத்தம்மாள் வந்தார்

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி, நரிக்குடிக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன அரசு ஆஸ்பத்திரியைத் திறந்ததுமே நர்ஸ் நாகஜோதிக்கு நாற்றம் அடித்தது. கிணற்றில் ஆடு விழுந்து அழுகினால் வருமே, அந்த நாற்றம். எலி ஏதாவது செத்திருக்கும் என்று கட்டுப்போடும் அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியே கருவேலங்காட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கைபேசியில் செய்தி வந்தது. 'பெத்தம்மாள், இன்று உங்கள் கால் கட்டு மாற்றும் நாள். தவறாமல் வாருங்கள்.'

ஆடு மேய்க்கும் பெத்தம்மாளுக்கு போன் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு நர்சே தன் எண்ணைப் பதிந்துகொண்டு, செய்தி வந்ததும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே ஏற்பாடு. ஐந்து வாரத்துக்கு முன் காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்தவள் போகும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"சொல்லிவிடுங்க தாயி, வாரேன். கூப்பிடாம வந்து ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நாகஜோதி சொல்லவில்லை. மறந்துபோயிருந்தால்கூட மன்னிக்கலாம். இரண்டு கிலோமீட்டர் வெயிலில் யார் நடப்பது என்ற சோம்பல்தான். வராதவர் பெயர் கணினியில் சிவப்பாகத் தெரியும், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால், நான்கு செவ்வாயும் கூசாமல் 'வந்தார்' என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா.

ஐந்தாவது முறையும் அழுத்தக் கணினியைத் திறந்தாள். பெருக்க வந்த சௌந்தரம் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெத்தம்மாள் செத்துப்போனாளாம். நாற்றம் தெருவுக்கு வந்த பிறகுதான் கதவை உடைத்தார்களாம். முழங்கால் வரைக்கும் புழுவாம். நேற்றுத்தான் எரித்தார்களாம்.

"வாசல்ல போறவுககிட்டயெல்லாம், ஆஸ்பத்திரியில கூப்பிட்டாகளான்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம்," என்றாள்.

நாகஜோதி கணினிப் பக்கம் திரும்பினாள். நான்கு பதிவுகளையும் 'வரவில்லை' என்று மாற்றினாள்.

அவள் பார்க்கப் பார்க்க, நான்கும் பழையபடி திரும்பின.

கீழே புதிதாக இன்றைய தேதி. அதை அவள் தொடவே இல்லை.

வந்தார்.

வராந்தாவில் ஈரமாக எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. ஈக்கள் கும்பலாக ஜன்னல் வழியே நுழைந்தன. நாற்றம் இப்போது நாக்கிலும் ஒட்டிக்கொண்டது.

எட்டிப் பார்த்தாள்.

வெளியூர்களிலிருந்து வந்து முறைக்குக் காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். எல்லோர் மூக்கிலும் துண்டு, முந்தானை. அந்த ஓரத்தில் அவள் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

முதலில் வந்திருந்த பால்ச்சாமி எழுந்து அருகே வந்தார். பந்தல்குடிக்காரர், இந்த ஊரில் யாரையும் அறியாதவர்.

"என்னைய அப்புறம் பாருங்கம்மா," என்றார், தணிந்த குரலில். "அந்தம்மாவுக்கு மொதல்ல கட்டு மாத்துங்க. காலுல சதையே இல்ல, பாக்க முடியல. இனிமே செவ்வாய் தவறாம வருவேன்னு சொல்றாக."