ஒரு சாண் பாக்கி

மாலை நாலு மணிக்குச் சூசைராஜ் தன் பழைய வீட்டின் உள்ளறையைத் திறந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். உப்பும் ஈரமும் கலந்த வாடை டெல்பினின் மூக்கில் ஏறியது.

“சுவரு நிக்குமா, இடிக்கணுமா, அத மட்டும் சொல்லிடுங்கம்மா. நான் வாசல்லதான் இருப்பேன்.”

கல்லூரியில் விரிசல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள் டெல்பின். எதிர்ச் சுவரிலிருந்த பழைய விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டினாள். சுவர் மயிரிழை அசைந்தாலும் அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிறகு லேப்டாப்பில் நான்கு சுவர்களையும் வரைந்து, பாரம் ஏற்றி, விரிசல் எப்படிப் போகும் என்று காட்டும் கணக்கை ஓடவிட்டாள். கடல்காற்றுக்குக் கதவு தானே சாத்திக்கொண்டது.

ஓடவிட்ட பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். விரிசல் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் கீறலை வைக்க மறந்திருந்தாள். முதலாண்டுப் பிள்ளைகள் செய்கிற தப்பு. கீறல் இல்லாவிட்டால் அவள் போட்ட கணக்கில் விரிசல் தொடங்க வழியே இல்லை.

திரையில் விரிசல் தொடங்கியது.

எதிர்ச் சுவரின் நடுவில் கிளம்பி, மேலே ஏறி, வளைந்து இறங்கியது. விரிசல் என்றால் ஓரத்தைத் தேடி ஓடும். இதுவோ தொடங்கிய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் உயரத்துக்கு.

டிக்.

சத்தம் லேப்டாப்பிலிருந்து வரவில்லை. எதிர்ச் சுவரில் கண்ணாடி உடைந்திருந்தது. திரையிலிருந்த அதே கோடு சுவரிலும் ஊர்ந்துகொண்டிருந்தது. பதறிப்போய் ஓட்டத்தை நிறுத்தினாள். சுவரிலும் நின்றது. கோடு மூட இன்னும் ஒரு சாண்தான் இருந்தது.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. கதவுக்கு மேலிருந்த சுவர் இறங்கி, நிலையைக் கவ்வியிருந்தது. ஜன்னலில் கட்டைவிரல் தடிமனுக்குக் கம்பிகள்.

“அங்கிள்! கதவு மாட்டிக்கிச்சு!”

“தள்ளுறேம்மா... அசையவே மாட்டேங்குதே!”

பின்னால், சுவருக்குள்ளிருந்து நகத்தால் சுரண்டும் சத்தம் வந்தது. அவசரமே இல்லாமல். கூடவே ஒரு குரல்.

“ஒரு சாண்தானே...”

அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கதவு நிலைக்கு மேல் ஒரு கீறல் வைத்து ஓடவிட்டால், அந்தச் சுவர் விட்டுக்கொடுக்கும். ஆனால் நான்கு சுவருக்கும் ஓட்டம் ஒன்றுதான். கதவு விடுவதற்குள் எதிர்ச் சுவரின் கோடும் மூடிவிடும். சுவருக்குள் இருப்பதற்கும் வெளியே வர வழி கிடைத்துவிடும்.

தெரிந்தேதான் அழுத்தினாள். பயம் அப்படி.

கதவு விட்டது. முதுகுக்குப் பின்னால் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு ஓடினாள்.

“இடிச்சிடுங்க அங்கிள். இன்னைக்கே.”

சூசைராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். “அதான் இடிஞ்சிடுச்சே. உள்ள ஒண்ணுமில்லம்மா, வெறும் பொந்து.”

கோவில்பத்திலிருந்த தன் வீட்டுக்கு வந்ததும், போன மாதம் பூசிய தன் அறைச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினாள். அந்தச் சுவரில் மயிரளவு விரிசலும் கிடையாது. செபமாலையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

விடிந்ததும் பார்த்தாள். சுவர் அப்படியே இருந்தது. கண்ணாடி மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது.

அறைக் கதவை இழுத்தாள்.

வரவில்லை.