நீலக் கறை படிந்த விளக்கு

"மாலையைக் கழட்டுங்க."

மழையிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவன் இன்னும் ஹெல்மெட்டைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் வண்டிச் சோதனை நிலையத்துப் பிம்பா ஆரம்பித்துவிட்டாள். ஹெட்லைட்டை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு ஒரு மல்லிகை மாலை தொங்கியது.

"அம்மா கட்டிவிட்டது. சாமிகிட்ட வச்சு எடுத்தது... வண்டிக்குக் காவல்."

"காவல் பின்னாடி உக்காரட்டும். முன்னாடி வெளிச்சம் வரணும்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான். இமைகளில் மழைத்துளி நின்றது. அந்தக் கண்கள்... பிம்பா சட்டென்று பார்வையை மாலைக்குத் திருப்பினாள். அதை அவிழ்த்துக்கொண்டிருந்த அவன் விரல்களைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். நகக்கண்ணெல்லாம் நீலம்!

முத்திரை மை. அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க முத்திரை குத்துகிறவனுக்குத்தான் இப்படி நகம் நீலமாகும் என்று அவள் மனம் சொன்னது.

வட தாய்லாந்தில் இருக்கும் எங்கள் லம்பாங்கில் ஐந்து வருடம் தாண்டிய எந்த மோட்டார் சைக்கிளும் வருடா வருடம் சோதனையில் தேறினால்தான் வரி கட்டமுடியும். எங்கள் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? காலையில் பக்கத்து வீட்டு வண்டிக் கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வருவார்கள். தேறியதும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஜோடிக் கண்ணாடியில் ஒரு தெருவே தேறியது உண்டு. பிம்பாவுக்கு அந்தக் கண்ணாடிகளை முகம் தெரிந்த மாதிரி தெரியும். யாரையும் நம்பாமல் இருப்பதுதான் அவள் பிழைப்பு.

ஆனால் இது வேறு பயம். போன மாதம் பாலத்தடியில் இருந்த சோதனை நிலையத்துக்கு ஒருவன் பிரேக் லைட் எரியாத வண்டியோடு வந்தான். அங்கே இருந்தவர், நல்ல பையனாகத் தெரிகிறானே என்று தேறியதாக எழுதிக் கொடுத்தார். வந்தவன் போக்குவரத்து அலுவலகம் அனுப்பிய ஆள். ஒரே வாரத்தில் லைசென்ஸ் போய், பெயர்ப்பலகையும் இறங்கியது. அவனிடமும் நல்ல சிரிப்பு இருந்ததாம்.

பிம்பாவின் நிலையம், அப்பா போன பிறகு அம்மா புவா தன் வயலை விற்றுப் போட்டது. லைசென்ஸ் பிம்பாவின் பெயரில். அது போனால் தாயும் மகளும் நிற்க ஒரு இடம் கிடையாது.

அதனால் அவள் அன்று அவன் வண்டியைத் துருவித் துருவிப் பார்த்தாள். மாலையை எடுத்த பிறகும் ஹெட்லைட் வானத்தைப் பார்த்து எரிந்தது.

"நிலாவுக்கு வழி காட்டப் போறீங்களா? தேறல. சரி பண்ணிட்டு ரெண்டு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க."

"திரும்ப... வரலாமா?"

"வரணும். அதுதான் சட்டம்."

அவன் முகம் மலர்ந்தது. தோற்றுப்போனவன் முகத்தில் இத்தனை சந்தோஷமா? பிம்பாவுக்குச் சந்தேகம் வலுத்தது. தாளில் பெயரைப் பார்த்தாள். அனுவாட். பெயரும் அரசாங்கச் சம்பளக்காரன் பெயர் மாதிரியே இருப்பதாகப் பட்டது.

அடுத்த முறை ஹெட்லைட் ஒழுங்காகத் தரையைப் பார்த்தது. பிரேக் லைட் எரியவில்லை. மூங்கில் குழாயில் சுட்ட ஒட்டரிசி வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கண்ணோ... போலீஸ்காரன் கண் மாதிரி விடாமல் தொடர்ந்தது. தொடர்ந்தால் கோபம்தானே வரவேண்டும்? கன்னம் ஏன் சூடாகிறது என்று அவளுக்கு அவள் மேலேயே எரிச்சல். அம்மா மட்டும் தம்பி, தம்பி என்று உருகிக்கொண்டிருந்தாள். ஒட்டரிசிக்கு விலைபோன அம்மாவை நம்பிப் பயனில்லை.

அந்த வண்டி தேறியதும் மாமாவின் வண்டியோடு வந்து நின்றான். ஹெட்லைட் சரி, பிரேக் லைட் சரி, இண்டிகேட்டர் நான்கும் சரி. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கு எரியவில்லை. யாரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். பொறி வைப்பவனும் அங்கேதான் வைப்பான்.

பிம்பா மூடியைக் கழற்றினாள். பல்பு புதுசு. ஒயரை மட்டும் யாரோ பிடுங்கி வைத்திருந்தார்கள். மூடியின் உள்பக்கம், வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கறை.

"எந்த ஆபீஸ்லேருந்து அனுப்பினாங்க உங்கள?"

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அனுவாட் முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான்.

"நான் இதைப் பாக்காம விட்டிருந்தா என் பலகையும் இறங்கியிருக்கும்ல? நீங்களே ஒயரைப் பிடுங்கிட்டு, நீங்களே வந்து பல்ல காட்டிட்டு நிக்கிறீங்க. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளமா?"

சிரிப்பு அணைந்தது. அத்தனை பேர் நடுவில் அவனுக்குக் காது மடல் சிவந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். குனிந்து ஒயரை மாட்டினான். விளக்கு எரிந்தது. அவள் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் கைகூப்பிவிட்டுப் போனான்.

ஜெயித்துவிட்டதாக பிம்பா நினைத்தாள். ஆனால் அன்று மழை அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிச் சந்தைக்குப் போன அம்மா ஒரு நீலச் சட்டையோடு திரும்பினாள். மகள் முன்னால் அதைப் பொத்தென்று போட்டாள்.

"ஆபீசராம் ஆபீசர்! அந்தத் தம்பி பிரே ஊருலேருந்து வந்து ஆத்தோரமா சாயப்பட்டறை போட்டிருக்கு. அவுரிச் சாயத்துல முக்கி முக்கி, முழங்கை வரைக்கும் நீலம். கழுவினாலும் நகக்கண்ணுல நிக்குமாம். விக்கிறப்போ என் முகத்தப் பாக்கவே இல்ல. எனக்கே வெக்கமாப் போச்சு."

பிம்பா சட்டையைத் தொட்டாள். விரலில் லேசாக நீலம் ஒட்டியது. அதே நீலம்.

அலுவலக ஆள் இல்லையென்றால் எதற்காக ஒயரைப் பிடுங்கவேண்டும்? தேறாமல் போக யாராவது பாடுபடுவார்களா? யோசித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று அந்தக் குரல் கேட்டது... "திரும்ப வரலாமா?" புரிந்ததும் முகத்தை நீலச் சட்டையில் புதைத்துக்கொண்டாள்.

போய் மன்னிப்புக் கேள் என்றாள் அம்மா. என் வேலையைத்தானே செய்தேன் என்று பிம்பா முறுக்கிக்கொண்டாள். வாய் முறுக்கிக்கொண்டதே தவிர, சாலையில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பியது.

ஒரு மழை மத்தியானம் அவன் வந்தான். பட்டறையில் வேலை செய்பவரின் வண்டி, வரி கட்டவேண்டும். பாலத்தடி நிலையம் மூடிவிட்டதால் வேறு போக்கில்லை என்பதை அவன் முகமே சொன்னது. சிரிப்பு இல்லை. பெஞ்சில் உட்காரவும் இல்லை.

"எதையும் கழட்டல. நல்லா பாத்துக்கங்க."

பார்த்தாள். ஹெட்லைட் தரையை நோக்கி நேராக விழுந்தது. பிரேக் லைட் எரிந்தது. இண்டிகேட்டர்கள் சிமிட்டின. நம்பர் பிளேட் விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். சுத்தம். கண்ணாடிகூட இரவல் இல்லை. அவன் அம்மா கட்டிய மாலை ஒன்று எந்த விளக்கையும் மறைக்காமல் கைப்பிடி ஓரமாகக் கட்டியிருந்தது.

மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு பல்பாவது மினுக்கக் கூடாதா? இப்படியா ஒரு வண்டி துரோகம் செய்யும்? தேறியது என்று எழுதினால் அவன் போய்விடுவான். இரண்டு வாரத்தில் திரும்பி வர எந்தச் சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்தாது. தேறவில்லை என்று எழுத ஒரு நொடி போதும். யாருக்குத் தெரியப் போகிறது?

அவளுக்குத் தெரியும்.

தேறியது என்று எழுதினாள். முத்திரையைக் குத்தினாள். மை ஈரம் அவள் விரலிலும் ஒட்டிக்கொண்டது. தாளை நீட்டினாள், அவன் பிடித்த பிறகும் விடவில்லை.

"அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி பேசினது தப்பு. எனக்கு இந்த இடம் போயிடுமோன்னு பயம்... அதுல கண்ணு மறைஞ்சுபோச்சு."

அனுவாட்டும் தாளை இழுக்கவில்லை. கூரையில் மழை பேசியது.

"மொத தடவ ஹெட்லைட் நெஜமாவே கோணல்தான்," என்றான் மெதுவாக. "மத்தது ரெண்டும் நான் பண்ணது. தேறலைன்னா திரும்ப வரணும்னு நீங்கதான சொன்னீங்க. உங்கள மறுபடி பாக்க எனக்கு வேற வழி தெரியல. உங்க லைசென்ஸ் போகும்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்."

அவள் கண்ணில் நீர் முட்டியது. மழைச் சாரல் என்று துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் நீலம் தீற்றிக்கொண்டது.

"இந்த வண்டியில ஒரு குறையும் இல்ல. ரெண்டு தடவ தேடிட்டேன். பொய்யா ஒண்ணு எழுத என் கை வரல... அதனால வாயால சொல்றேன். திரும்ப வாங்க."

"எந்த வண்டியோட?"

பிம்பா தாளை விட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி இல்லாம வாங்க," என்றாள்.