டவர் எடுக்காத கை

அக்காவின் தையல் மிஷினை எடுத்து வரத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். அவள் செத்த பிறகு அந்த வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தவள் நான். ஆனால் மிஷின் அவள் விரல் நோகத் தைத்துச் சம்பாதித்து வாங்கியது. அதை அந்த மனுஷன் வீட்டில் துருப்பிடிக்க விட மனசு வரவில்லை. அதோடு இன்னொன்றும் எனக்கு வேண்டியிருந்தது. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. "ஆமாம், நான்தான் கட் பண்ணினேன்." அவ்வளவுதான். அதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மாடியில் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்துதான் தைப்பாள். அந்த அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து வெகுநாளாகிறது. காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டால் வெளியிலிருந்து யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு. "மாத்திக் குடுங்க, மாத்திக் குடுங்க" என்று அவளும் தொண்டை வற்றக் கத்தினாள். அவள் புருஷன், என் மாமா, வீடு வாங்க விற்கக் காட்டிவிடும் புரோக்கர். ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் தட்டித் தட்டிக் காட்டிப் பெருமை பேசுவார். சொந்த வீட்டுக் கதவுக்கு அவருக்கு நேரம் கிடையாது.

அன்றைக்குக் கதவு சாத்திக்கொண்டது. இன்ஹேலர் கீழே இருந்தது. அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஒரு பார்ட்டிக்கு வீடு காட்டிக்கொண்டிருந்தார். வீடு காட்டும்போது பெண்டாட்டி போனை எடுத்தால் பேரம் முறிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தொழில் ராசியாம்! அக்காவின் எண்ணை "வீடு" என்று பதிந்து வைத்திருந்தார். அந்தப் பெயர் திரையில் வந்தாலே கட்டைவிரல் தானாகப் போய்க் கட் பண்ணும். அன்றைக்கும் பண்ணியது. அவள் திரும்பக் கூப்பிட்டாள். திரும்பவும் பண்ணியது.

பிறகுதான் எனக்குக் கூப்பிட்டாள். பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருக்கிற எனக்கு.

"வாயாடி... ரிங் போகுதுடி. கட் பண்றாரு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில் மாதிரி மூச்சு இழுத்தது. "டவர் இல்லன்னா... ரிங்கே போகாதுல்ல?"

அவள் பேசிக் கேட்டது அதுதான் கடைசி. நானும் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ரிங் போயிற்று, கட் ஆயிற்று. அக்காவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ஒருத்தியின் எண்ணைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவள் ஓடிப் போய்க் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் மாமா ஒரே பாட்டைப் பாடினார். எதிர்வீட்டு நர்ஸம்மா மட்டும் மாடிப்படியில் அவரை நிறுத்தி, "அத்தனை தடவை கூப்பிட்டிருக்காளே, ஏன்ப்பா எடுக்கல?" என்று கேட்டார்.

"டவர் இல்லம்மா" என்றார் மாமா. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பொய், ரிங் போனது என்று நான் கத்தினேன். கூடப்பிறந்தவள் துக்கத்தில் உளறுகிறாள் என்று என்னை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். வயிறு எரிந்தது. அன்று முதல் எரிந்துகொண்டேதான் இருந்தது.

அதற்குப் பிறகு மிஷினுக்காகத்தான் மறுபடி போனேன். மதியம் தாண்டியிருந்தது. மழை கட்டி, தெருவே மங்கிப்போய்க் கிடந்தது. கரண்ட் வேறு இல்லை. கதவு திறந்தே இருந்ததால் உள்ளே போனேன். மாமா ஒரு ஸ்டூலின்மேல் ஏறி, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் புதுப் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். பல்லி விரட்டுகிறவர் மாதிரி இருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வாம்மா" என்றார் இறங்காமலே. "சனியன் பிடிச்ச போனும்மா இது. வாங்கின நாள்லேருந்து டவரே எடுக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை.

"ஏன் மாமா, உங்களுக்குத்தான் டவர் இல்லாம இருந்து பழக்கமாச்சே?"

அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் போன் தொல்லை பெரிதாக இருந்ததால் கொட்டித் தீர்த்தார். சிம்மை மாற்றிப் பார்த்தாராம். கம்பெனியை மாற்றிப் பார்த்தாராம். கடையில் சண்டை போட்டு, இதே மாதிரி வேறு போனே வாங்கி வந்தாராம். கடைப் பையன்கள் கையில் இருக்கும்வரை டவர் கோடு நாலும் நிற்கிறது. இவர் வாங்கினால் விழுந்துவிடுகிறது.

"புது மாடல்ல இப்பிடி வருமாம். உள்ள இருக்கற ஏரியலக் கை மறைச்சிடுதாம். 'சார், கைய எடுத்துட்டுப் பேசுங்க'ன்றான் ஒரு பொடிப்பய. கைய எடுத்துட்டு எதால பிடிக்கறது, கால்லயா?"

"இப்பிடிக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பான போன். என் கைக்கு வந்ததும் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நாலும் நின்றன. அவர் கையில் வைத்தேன்.

ஒவ்வொன்றாக விழுந்தன.

உறையைக் கழற்றிக் கொடுத்தேன். விழுந்தன. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னேன். விழுந்தன. மேசைமேல் வைத்துவிட்டு, "தொடாதீங்க, குனிஞ்சு மட்டும் பேசுங்க" என்றேன். அவர் முகம் அருகில் வந்ததும் கோடுகள் படுத்துவிட்டன.

இது கையோ ஏரியலோ இல்லை. எனக்குப் பயம் வந்தது. கூடவே, சொல்வதற்கென்ன, ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது.

"ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்" என்றார். "டவர் இல்லைங்கன்னு சொன்னா, 'என்ன அண்ணாச்சி, பழைய கதைய விடறீங்க'ன்னு வேற புரோக்கர்கிட்டப் போயிடறான். என் பொழப்பே நாறிப் போச்சும்மா."

நான் மாடிப்படிக்கு நடந்தேன். "மிஷின எடுத்துட்டுக் கிளம்பறேன் மாமா."

அவர் பதறிப் பின்னால் வந்தார். "தனியாத் தூக்க முடியாது. நானும் வரேன்." முதல் படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார். கையிலிருந்த போனை உற்றுப் பார்த்தார். ஒரு கோடு எழுந்திருந்தது.

இன்னும் கொஞ்சம் ஏறினார். இரண்டாவது கோடும் எழுந்தது.

"அடேயப்பா! இங்க எடுக்குதே!" குழந்தைபோல் முகம் மலர்ந்துவிட்டது. "அவ போனப்புறம் மாடிக்கே வரலம்மா நான். தெரியாமப் போச்சே. ஒரு பெரிய பார்ட்டி காலைலேருந்து காத்திருக்கான்."

எனக்கு ஏற வேண்டாம் என்று தோன்றியது. மேலிருந்து தைல வாசனை வந்தது. இளைப்பு வந்தால் அக்கா நெஞ்சில் தேய்த்துக்கொள்வாளே, அந்த யூகலிப்டஸ் தைலம். இத்தனை மாதம் யாரும் ஏறாத மாடியில், இப்போதுதான் தேய்த்த மாதிரி.

"மாமா, வாசனை வருதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் காதில் விழவில்லை. கோடுகளையே பார்த்தபடி என்னைத் தாண்டி ஏறி, அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

நாலு கோடும் நின்றன.

நானும் உள்ளே போனேன். பாதி தைத்த ரவிக்கை ஒன்று மிஷின் ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. துணித்தூசி மிதந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். இங்கிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? அவளால்தான் கத்தவும் முடிந்திருக்காதே என்று நினைத்தபோது அழுகை முட்டியது. மிஷின் தலையைக் கழற்றி மார்போடு அணைத்து வெளியே கொண்டுவந்து படிமேல் வைத்தேன்.

அப்போது போன் அடித்தது.

மாமா ஆவலாகத் திரையைப் பார்த்தார். நானும் வாசலிலிருந்து பார்த்தேன்.

"வீடு."

அக்காவின் சிம் அவளுடைய பழைய போனோடு என் பெட்டியில், என் வீட்டில், செத்துக் கிடக்கிறது. அந்த எண்ணை நானே ரத்து பண்ணச் சொல்லியாயிற்று.

அவர் கட்டைவிரல் தானாகப் போயிற்று. கட் பண்ணியது.

மறுபடி அடித்தது. "வீடு."

"எடுங்க மாமா" என்றேன்.

கட் பண்ணினார்.

காற்று ஒன்றும் வீசவில்லை. ஆனால் கதவு என் மூக்குக்கு முன்னால் அடித்துச் சாத்திக்கொண்டது.

உள்ளே அவர் கையால் கதவைத் தடவும் சத்தம் கேட்டது. இல்லாத கைப்பிடியைத் தேடுகிறார். பிறகு தட்டினார். பிறகு இரண்டு கையாலும் அறைந்தார். என் கைப்பையில் என்னுடைய போன் அடித்தது. "மாமா" என்று வந்தது. எடுத்தேன்.

"திறம்மா. மூச்சு முட்டுது." அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. விசில். இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிற விசில். "இங்க... யாரோ இருக்காங்கம்மா."

வெளிப்பக்கக் கைப்பிடி என் கைக்குள் இருந்தது. திருப்பினால் போதும். எத்தனையோ முறை திருப்பியிருக்கிறேன்.

நான் திருப்பவில்லை.

"உண்மையச் சொல்லுங்க மாமா. அன்னிக்கு நீங்கதான கட் பண்ணீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, திறந்துடறேன்."

"முதல்ல திற..."

"சொல்லுங்க."

விசில் அவருடைய வாய்க்கே வந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு தும்மல்கூடப் போடாத மனுஷனுக்கு இளைப்பு இழுத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

"சத்தியமா... டவர்... இல்லம்மா."

அவ்வளவுதான், உள்ளே யாரோ சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிக்கும்போதும் மூச்சு இழுக்கும்.

பயந்துபோய்க் கைப்பிடியைத் திருப்பினேன். அது எதிலும் பிடிக்காமல் சும்மா சுற்றியது. தோளால் இடித்தேன். கதவு அசையவில்லை. காதில் வைத்திருந்த போனில் இரண்டு மூச்சுகளும் மாறி மாறி இழுத்தன. கீழே ஓடியிருக்கலாம். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். நான் போனைக் காதை விட்டு எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன். என் அக்கா எப்படிச் செத்தாள் என்று அவனுக்குத் தெரியட்டும் என்று நின்றேன்.

இரண்டு மூச்சு ஒன்றாயிற்று.

கதவு தானாகத் திறந்தது.

மாமா மிஷின் மேசையின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. போன் அப்போதும் காதில் இருந்தது.

நான் எப்போது கத்தினேனோ தெரியாது. எதிர்வீட்டு நர்ஸம்மா ஓடி வந்தார். நாடி பார்த்தார், நெஞ்சை அழுத்தினார், கடைசியில் எழுந்து தலையாட்டினார். பிறகு மாடிப்படியில், அன்றைக்கு மாமாவை நிறுத்திய அதே இடத்தில், என்னை நிறுத்தினார்.

"கையில போன வெச்சுக்கிட்டு நிக்கறியே. என்னக் கூப்பிட்டிருக்கலாம். ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்கலாம். ஏன்ம்மா கூப்பிடல?"

என் வாய் தானாகத் திறந்தது.

"டவர் இல்லம்மா."

சொன்ன பிறகுதான் கையைப் பார்த்தேன். நாலு கோடும் நிமிர்ந்து நின்றன.

ஒன்று விழுந்தது.

பிறகு இன்னொன்று.

மிச்சம் இரண்டும் சேர்ந்து விழுந்தன.

கோடே இல்லாத போன் என் கையில் அடித்தது. திரையில் "அக்கா" என்று வந்தது.

"யாரும்மா, எடேன்" என்றார் நர்ஸம்மா. அவருக்கும் மணி கேட்டிருக்கிறது.

கட்டைவிரல் திரைக்குப் போய் நின்றது. கட் பண்ணவா முடியும், நான் பார்த்ததற்குப் பிறகு? எடுத்துக் காதில் வைத்தேன். முதலில் விசில்தான் வந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. அதற்கு நடுவில் அவள் குரல்.

"நீயுமாடி... வாயாடி?"

இன்றுவரை அந்தப் போனை நான் வைக்கவில்லை. வைத்தால் கட் பண்ணினதாகிவிடும். என் வீட்டுக்கு வந்துவிட்ட மிஷின் மேல்தான் அது கிடக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. குனிந்து காது கொடுத்தால் மூச்சு வாங்குவது கேட்கிறது.