மிளகு சுற்றிப் போன கட்டில்

வாசற்படியிலிருந்து ஜன்னலுக்குப் போக நேர்வழி கட்டிலை உரசிக்கொண்டுதான் போகும். அவனுடைய நாய் மிளகு தினமும் அப்படித்தான் போகும், போகிற போக்கில் கட்டிலில் கிடக்கும் அவன் கையை ஒரு நக்கு நக்கிவிட்டு. அன்றைக்கு மத்தியானம் அது அறைக்குள் வந்ததும் நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு சுவரோடு சுவராக ஒட்டி, பீரோ ஓரம், மேசைக்குப் பின்னால் என்று அறையையே ஒரு சுற்று சுற்றி ஜன்னலடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏய் மிளகு, என்னடி கோவம்?" என்றான். வால்கூட ஆடவில்லை.

காட்டுப்பன்றியைத் துரத்தப் போய்ப் பள்ளத்தில் விழுந்ததிலிருந்து அவன் இந்தக் கட்டிலில்தான் கிடக்கிறான். வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஆள் தூக்கிவிடாமல் எழுந்து உட்காரக்கூட முடியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை; அறை முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனையும் மருந்தெண்ணெய் வாசனையும், அவற்றுக்கு அடியில் இன்னதென்று சொல்ல முடியாத இன்னொரு வாசனையும், மூடி வைத்த அலமாரியைத் திறந்தால் வருமே அப்படி, மெல்ல வந்து வந்து போனது.

மிளகு வேட்டையில் கெட்டிக்காரி. பாம்பைக் கண்டால் மட்டும் புத்தி மழுங்கிவிடும், பாய்ந்து கவ்வப் போகும். போன வருஷம் முகமெல்லாம் வீங்கிச் செத்துப் பிழைத்தது. அதனால்தான் பாம்புக்காரரிடம் பழக்க விட்டது. நாய்க்குக் கழுத்தில் ஒரு பட்டை கட்டுவார். கூண்டில் விரியன் இருக்கும். நாய் கிட்டப் போய் மோந்து பார்க்கிற நொடியில் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார், பட்டை சுளீரென்று ஷாக் கொடுக்கும். கொஞ்ச நாளில் பாம்பு வாசனை பட்டாலே நாய் தூரமாக விலகிவிடும்.

அவனால் நடக்க முடியாததால் மிளகைத் தம்பிதான் கூட்டிப் போனான். கடைசி நாள் வந்து பூரித்துப் போய்ச் சொன்னான். "சூப்பரா தேறிட்டாண்ணா. நடுவுல பாம்பை வெச்சுட்டு அந்தப் பக்கத்துலேருந்து கூப்பிட்டேன். குரைக்கல, ஒண்ணுமில்ல. கம்முன்னு சுத்திப் போயிட்டா."

இந்த வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று தம்பி கேட்டபோது, "என் உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது, போடா" என்று கத்தினவன் அவன்தான். அப்புறம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கால் உடைந்தது என்று கேட்டதும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தது யார்? தூக்கி, துடைத்து, முகம் சுளிக்காமல் மலம் எடுத்துப் போட்டது யார்? கூடப் பிறந்தவன் கூடப் பிறந்தவன்தான்.

தம்பி காபியோடு வந்தபோது, மிளகு ஒதுங்கிப் போனதை அவன் சொன்னான்.

தம்பி ஒரு கணம் டம்ளரையே பார்த்தான். பிறகு சிரித்தான். "அட, அதுவா! அங்க பாம்புக் கூண்டு மேல உன் பழைய சட்டையைப் போட்டு மூடியிருந்தோம். ரெண்டு வாசனையையும் போட்டுக் குழப்பிக்கிச்சு போல. நாலு நாள்ல சரியாயிடும், விடுண்ணா."

"அடப்பாவிகளா, என்னையே பாம்பாக்கிட்டீங்களா?" என்று அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குட்டியிலிருந்து தன் மடியில் வளர்ந்தது. தன்னைப் பார்த்து ஒதுங்குகிறது. ஒரு நாய் கைவிட்டதற்கு இவ்வளவு அழுகை வருமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"படுக்கை நாறுது, மாத்திடறேன்" என்று தம்பி அவனை அலாக்காகத் தூக்கிக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மிளகு ஓடி வந்தது. ஓடி வந்து மாவுக்கட்டின் மேல் முகவாயை வைத்து, கையை, முழங்கையை, கன்னத்தை, எட்டிய இடமெல்லாம் நக்கியது. "சரியாயிட்டியா, செல்லம்? கோவம் போயிடுச்சா?" அவன் அதன் காதைப் பிடித்துக் கொஞ்சினான். சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

தம்பி வந்து தூக்கிப் போய்ப் படுக்க வைத்தான். போர்வையை இழுத்து மூன்று பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினான். சுவரில் சாய்ந்திருந்த ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டான்.

"அதை ஏன்டா எடுக்கற?"

"அடி ரப்பர் தேஞ்சிருக்கு, மாத்திட்டு வரேன். நீ அசையாம படு." முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

தம்பி போன பிறகு அவன், "மிளகு, வாடி" என்று கூப்பிட்டான். வாலை ஆட்டிக்கொண்டு குதித்து வந்தது. வாசற்படியில் நின்றது. வால் தாழ்ந்தது. சத்தமே இல்லாமல் பின்வாங்கி, திரும்பிப் போய்விட்டது.

அவன் தன் சட்டையைப் பார்த்தான். கூடத்தில் போட்டிருந்த அதே சட்டை. அதே உடம்பு. அதே வாசனை.

தலையணை ஓரம் போன் அடித்தது. பாம்புக்காரர்.

"சார், கால் எப்படி இருக்கு? ஒண்ணு கேக்கணும். ஒரு விரியன் பெட்டியோட காணோம். உங்க தம்பிதான் கடைசியா எல்லாத்தையும் எடுத்து வெச்சார். தெரியாம வண்டியில ஏத்திட்டாரான்னு..."

"கூண்டு மேல என் சட்டையைப் போட்டு மூடினீங்களா?" அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"சட்டையா? சேச்சே. வேற வாசனை எதுவும் கலக்கவே கூடாது சார். பாம்பு வாசனைக்கு மட்டும்தான் நாய் ஒதுங்கும்."

கட்டில் விளிம்பைப் பிடித்து மெல்லக் கீழே எட்டிப் பார்த்தான். அடியில் ஒரு மரப்பெட்டி. முந்தாநாள் வரைக்கும் அங்கே பெட்டி எதுவும் இருந்ததில்லை. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

போர்வைக்குள், உடையாத காலின் பாதத்தருகே, ஏதோ ஒன்று பாரமாக நகர்ந்தது.

கால் துடித்தது. துடிக்காதே. துடிக்காதே.

"ஹலோ? சார்? கேக்குதா?" போன் காதிலிருந்து நழுவி மார்பில் கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை. பேசினால் வயிறு அசையும். டேய், நீயா? குளிப்பாட்டினாயே. ஊட்டினாயே. நீயாடா?

கால்மாட்டில் ஜன்னல். அங்கே தம்பி நின்றான். மழையில் நனைந்துகொண்டு, ஒரு கையில் மிளகின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி. தம்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மிளகும் பார்க்கவில்லை. இருவரும் போர்வையில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுடைய கணுக்காலை.

பிறகு முழங்காலை.

நான்கு கண்களும் மெல்ல, ரொம்ப மெல்ல, மேலே ஏறி வந்துகொண்டிருந்தன.